சுவர்ப்பக்கத்துக் கால்

என் மச்சான் கந்தப்பன் ஒரு மோட்டாருக்குப் பக்கத்தில் உட்காருவதற்கு முன்னால், மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி என் மடியில் போட்டுவிடுவார். வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எழுகிற வரைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால்கூட ஃபியூஸோடுதான் போக வேண்டும். குட்டியானை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஓர் உத்தியோகம் வாய்க்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. போதாததற்கு நிமிடத்துக்கு ஒரு தரம், "மாப்பிள்ளை, ஃபியூஸ் இருக்குதா?" என்று கேட்பார். "இல்லீங் மச்சான், காக்கா தூக்கீட்டுப் போயிருச்சு" என்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

அவர் என் அக்கா வனிதாவின் புருஷன். வீடு வடகரப்பதியில், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சோளக்காடுதான். வேலந்தாவளம், நல்லேப்பிள்ளி என்று சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லுக்கு மோட்டார் வந்தாலும், அதைத் தூக்கி வைத்து, நேர் பார்த்து, ஓடவிட்டுக் கொடுப்பது அவர் தொழில். மோட்டாரைக் கொண்டுபோய் இறக்குவது என் தொழில். நேர் பார்ப்பது என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. மோட்டாரின் தண்டும், அது சுற்றப்போகிற மெஷினின் தண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்க்கிற இடத்துக்குக் கப்ளிங் என்று பெயர். மயிரிழை விலகினாலும் கப்ளிங்குக்குள் இருக்கிற ரப்பர் புஷ் தேயும், பேரிங் சூடாகும், ஒரு நாள் எல்லாம் சேர்ந்து உடையும். அதற்காக மோட்டாரின் நான்கு கால்களுக்கு அடியிலும் சிம் என்கிற மெல்லிய இரும்புத் துண்டுகளைச் சொருகுவதும் உருவுவதுமாகக் காலையில் குனிந்தவர் சாயங்காலம்தான் நிமிர்வார். நிமிரும்போது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு "அப்பனே முருகா" என்பார். இப்போதெல்லாம் குனியும்போதே சொல்லிவிடுகிறார்.

வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுத்தீவன மில் இருக்கிறது. சந்தைக்கு வருகிற மாடுகளில் பாதி அந்தத் தீவனத்தைத் தின்று வளர்ந்தவைதான். மில்லைப் பார்த்துக்கொள்வது சித்ரா. மாமனார் படுக்கையில் விழுந்த பிறகு அந்தப் பெண் தலையில் வந்து இறங்கிய பொறுப்பு அது. நான் போகும்போதெல்லாம் ஒரு கையில் போன், இன்னொரு கையில் தரம் பார்க்க வந்த பிண்ணாக்குத் துண்டு என்று நிற்பாள். முகம் தூங்கியே பல நாள் ஆன மாதிரி இருக்கும். ஆனாலும் யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டாள்.

அங்கேதான் போன வருஷம் மச்சானின் கை போகப் பார்த்தது. மக்காச்சோளம் அரைக்கிற மெஷினின் பழைய மோட்டாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மெயினை இறக்கியிருந்தார், ஃபியூஸைப் பிடுங்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த ஓர் ஆள், சுவிட்ச் தானாக இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, நல்லது செய்வதாக அதை ஏற்றி ஸ்டார்ட்டரையும் அமுக்கிவிட்டான். மச்சானின் வலது கை அப்போது கப்ளிங் மேல் இருந்தது. அது சட்டைக் கையைப் பிடித்துச் சுற்றி இழுத்தது. மூட்டை தைத்துக்கொண்டிருந்த கருப்பாத்தாள் போட்ட அலறலில் அவனே நடுங்கிப்போய்ச் சுவிட்சை இறக்கினான். சட்டை தோள்வரைக்கும் கிழிந்து போனதோடு சரி, கையில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். "ஒண்ணுமில்லீங், ஒண்ணுமில்லீங்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் ஃபியூஸ் என் மடிக்கு வந்தது.

அந்தப் பழைய மோட்டார் இந்த வருஷம் புகைந்து போனது. சித்ரா புதிது வாங்கினாள். நான்தான் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு நிலை வைக்கும்போது அடியில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது வழக்கம். மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு மோட்டாரை உட்கார வைப்பதும் நிலை வைப்பதும் ஒன்றுதான். மோட்டாரைச் செயின் பிளாக்கில் தூக்கி, இரும்புப் படுகையின் மேல் மரக்கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் நிறுத்தியதும் பூசை நடக்கும். கற்பூரம், எலுமிச்சம்பழம், சந்தனப்பொட்டு எல்லாம் உண்டு. மச்சான் தடுக்கமாட்டார். ஒன்றை மட்டும் சொல்வார். "பூவு, பொட்டு எல்லாம் மேல வெச்சுக்குங். காலுக்கு அடியில காசு மட்டும் வெச்சுராதீங்."

அன்றும் அதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து கட்டைகளை உருவி மோட்டாரை இறக்கினார். சாயங்காலம் ஓடவிட்டபோது அது இருக்கிற இடமே தெரியாமல் ஓடியது. சித்ராகூடக் கொஞ்சம் சிரித்தாள்.

கொஞ்ச நாள்தான். பிறகு மோட்டார் உறும ஆரம்பித்தது. போய்ப் பார்த்தால் சுவர்ப்பக்கத்துக் காலின் போல்ட் தளர்ந்திருந்தது. மச்சான் மறுபடி நேர் பார்த்து முறுக்கிக் கொடுத்தார். மறுபடி சில நாள் ஓடியது, மறுபடி உறுமியது. அடுத்த முறை ரப்பர் புஷ் தெறித்து, கப்ளிங்கை மூடியிருக்கிற இரும்புக் கூண்டுக்குள் சோளம் பொரிகிற மாதிரி சத்தம் போட்டது. கூண்டு மட்டும் இல்லையென்றால் பக்கத்தில் நின்ற கருப்பாத்தாள் மேல் பாய்ந்திருக்கும். அரைவை நின்றது. தீவனம் வாங்க வந்த வண்டிகள் வெறுமனே திரும்பின.

அந்த மோட்டார் நிற்கிற இடமும் மோசம். ஒரு பக்கம் நடைவழி, மறு பக்கம் சுவர். கப்ளிங்கை ஒட்டிச் சுவர்ப்பக்கம் இருக்கிற காலைத் தொட வேண்டுமென்றால், குப்புறப் படுத்து, கப்ளிங்குக்கு அடியில் கையை விட்டுத்தான் தொட முடியும். மச்சான் நீளமான கைப்பிடியை மாட்டி, எட்ட நின்றபடியே அந்தப் போல்ட்டை முறுக்குவார். இடுப்பு வலிக்காக அப்படிச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், வயசாகிவிட்டது என்றும் நினைத்தேன்.

சித்ரா ஒரு நாள் எங்களை ஆபீஸுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"கந்தப்பண்ணா, நான் உங்களக் குத்தம் சொல்லலீங். ஆனா என்னால இனி தாங்க முடியாதுங். கோயமுத்தூர்ல லேசர் வெச்சு நேர் பாக்கறவங்க இருக்காங்க. திங்கக்கெழம வரச் சொல்லீருக்கறேன். இனிமே இந்த மில்லு மோட்டாரெல்லாம் அவங்களே பாத்துக்கட்டுமுங்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மச்சான் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஞாயித்துக்கெழம ஒரு நாள் எனக்குக் குடுங் அம்முணி" என்றார் கடைசியில். "அதுலயும் சரியாகலீன்னா நான் குறுக்க வரமாட்டனுங்."

அன்று சாயங்காலம் அக்கா சோளக்காட்டைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தாள். அவள் அப்படித் தனியாக வருவது வழக்கமில்லை.

"தம்பி, உங்க மச்சான் சோத்துல கைய வெச்சுட்டு அந்தக் கையவே பாத்துட்டு உக்காந்திருக்கறார்டா. இந்த மோட்டாரு சரியாகலீன்னா இனி ஸ்பேனரே தொடமாட்டேங்கறார். கை போயிருச்சு, என்ற கை போயிருச்சுன்னு ஒரே பொலம்பல். நல்லாத்தானே இருக்குது கை?"

நல்லாத்தான் இருந்தது. ஆனால் ஒரு மனிதன் தன் கையை நம்பாமல் போய்விட்டால் அடுத்தவர் என்ன சொல்லித் தேற்ற முடியும்? "ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம் போக்கா" என்று அனுப்பிவைத்தேன். எனக்கும் நம்பிக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மில் வெறிச்சென்று கிடந்தது. கருப்பாத்தாள் மட்டும் கூட்டிப் பெருக்க வந்திருந்தாள். தூசி அடங்கிய மில்லைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது, தூக்கமாக வந்தது. மச்சான் ஃபியூஸைப் பிடுங்கி என் மடியில் போட்டார். கப்ளிங் கூண்டைக் கழற்றி, விலகலைக் காட்டுகிற டயலை மாட்டி, தண்டைக் கையால் சுற்றி, முள்ளைப் பார்த்தார். திரும்பப் பார்த்தார். அதற்கப்புறம் சும்மா உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங் மச்சான், மோட்டாரத் தூக்கியே பாத்துருலாமுங்" என்றேன்.

"தூக்கோணும்" என்றார். "மொதத் தடவையே தூக்கியிருக்கோணும்."

"அப்பறம் ஏனுங் தூக்கல?"

அவர் கைக்கு எட்டுகிற மூன்று போல்ட்டுகளையும் கழற்றினார். நான்காவதற்கு வந்ததும் ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். என் மடியில் இருந்த ஃபியூஸ் கட்டைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அதைய மட்டும் நீ கழட்டு மாப்பிள்ளை. இன்னிக்கு இத நான் வெச்சுக்கறேன்."

எனக்கு இந்த உத்தியோக மாற்றம் புரியவில்லை. சரி என்று குப்புறப் படுத்தேன். சிமென்ட் தரை சில்லென்று இருந்தது. கப்ளிங்குக்கு அடியில் கையை நுழைத்து, முழங்கை வரை போய், விரலால் போல்ட்டைத் தேடினேன். என் தலைக்கு நேர் மேலே கப்ளிங்கின் இரும்புச் சக்கரம் நின்றது. அது நின்றுகொண்டுதான் இருந்தது, மெயின் இறங்கியிருந்தது, ஃபியூஸ் அவர் மடியில் இருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் தானாகக் கேட்டது.

"மச்சான், ஃபியூஸ் இருக்குதுங்களா?"

"இருக்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பயமா இருக்குதா?" என்று கேட்டார்.

"ஆமாங்."

"எனக்கு அன்னீலருந்து அப்படித்தான். வெளிய இருக்கற காலெல்லாம் தொட்டுருவேன். அதுக்கு அடியில கைய உட்டா அந்தச் சட்ட கிழியற சத்தம் கேக்குது. இடுப்பு வலின்னு உங்கக்காகிட்டச் சொன்னேன். நீயும் அப்படியே நெனச்சுட்ட. சுவத்துப்பக்கத்துக் கால நான் ஒரு நாளும் பாக்கல மாப்பிள்ளை. எட்ட நின்னு முறுக்குனதோட சரி."

நான் காக்காய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகத்துக்கு வந்தது. போல்ட்டைக் கழற்றினேன். அது விரலாலேயே சுழன்று வந்தது.

செயின் பிளாக்கை இழுத்து மோட்டாரைத் தூக்கி, கட்டைகள் மேல் நிறுத்தினோம். சுவர்ப்பக்கத்துக் கால் உட்கார்ந்திருந்த இடத்தில், காய்ந்த சந்தனத்தோடு ஒட்டிக்கொண்டு ஏதோ பளபளத்தது. மச்சான் சுரண்டி எடுத்தார். அம்மன் கோயில் வாசலில் விற்கிற வெள்ளித் தகடு. கண் வலி வந்தால் கண்மலர் சாத்துவோமே, கால் நோவுக்குக் கால் உரு சாத்துவோமே, அந்த மாதிரி. இது கை உரு. ஐந்து விரலும் ரேகையும்கூட அச்சடித்திருந்தது. உள்ளங்கை மட்டும் காலுக்கு அடியில் மாட்டி நசுங்கிப்போயிருந்தது. விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டு அப்படியே இருந்தன.

அவ்வளவுதான் விஷயம். பாதிக் கால் வெள்ளியின் மேலும் பாதிக் கால் வெறும் இரும்பின் மேலும் நின்றிருக்கிறது. ஓட ஓடச் சந்தனம் பொடிந்து வெள்ளி இன்னும் நசுங்கும், போல்ட் தளரும், தண்டு விலகும். எட்ட நின்று எத்தனை முறுக்கு முறுக்கினாலும் நிற்காது. ஒரே ஒரு முறை விரலை விட்டுத் தடவியிருந்தால் தட்டுப்பட்டிருக்கும்.

"மச்சான், உங்க கைக்கு ஒண்ணும் ஆகலீங்!" என்று கத்தினேன். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தார். விளக்குமாறும் கையுமாகக் கருப்பாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே யார் வைத்தது என்று தெரிந்துவிட்டது.

"காசு வெக்காதீங்கன்னுதானுங் மேஸ்திரி சொன்னீங்க" என்றாள். "இது காசு இல்லீங்களே. காயிதமாட்டம் இருக்குது, இது என்ன பண்ணீரும்னு நெனச்சனுங். இதுனாலதானுங்களா இத்தன நாளும்?"

மச்சான் தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கூட்டறதக் கூட்டுங்" என்று மட்டும் சொன்னார்.

படுகையைத் துடைத்து, சிம் வைத்து, மோட்டாரை இறக்கி, நேர் பார்த்து முடிக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. சுவர்ப்பக்கத்துப் போல்ட்டை நான்தான் முறுக்கினேன். ஃபியூஸை மாட்டி ஓடவிட்டபோது சித்ரா வந்து சேர்ந்தாள். மோட்டார் மேல் கையை வைத்துப் பார்த்தாள். அதிரவே இல்லை.

"என்னங்ண்ணா இருந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். மச்சான் முந்திக்கொண்டார்.

"சுவத்துப்பக்கத்துக் கால் சரியா உக்காருல அம்முணி. நான் அதப் பாக்காம உட்டுட்டனுங். என்ற தப்புதானுங்."

சித்ரா மோட்டார் மேலிருந்து கையை எடுத்தாள். "நீங்களே இப்படிச் சொன்னா நான் என்னங்ண்ணா பண்றது?" என்றாள். "நாளைக்கு அவங்க வரட்டுமுங். வந்தவங்களத் திருப்பி அனுப்ப முடியாது." குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. மச்சான் தலையாட்டிவிட்டுச் சாமான்களைப் பொறுக்க ஆரம்பித்தார். அந்த மில் அத்தோடு எங்களுக்கு இல்லை.

வண்டியில் ஏறியதும் நான் பொரிந்து தள்ளினேன். பையில் அத்தாட்சியை வைத்துக்கொண்டு வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிற மனுஷனை இந்த ஜில்லாவில் பார்க்க முடியாது என்றேன். அந்தத் தகட்டைக் காட்டியிருந்தால் லேசர்காரர்களை அவளே போனில் நிறுத்தியிருப்பாள் என்றேன்.

"காட்டுனா கருப்பாத்தாள நாளைக்கு வேலைக்கு உடுவாங்களா" என்றார். "அப்பறம், பாக்காதவன் நாந்தான மாப்பிள்ளை. அது பொய்யா?"

பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

வண்டியைக் கிளப்பும்போது கருப்பாத்தாள் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். மச்சான் தகட்டை எடுத்து நீட்டினார். "இந்தாங், உங்க வேண்டுதலு. கோயில்ல சேத்துருங். இனி உங்க கைக்கு ஒண்ணும் வராது."

அவள் வாங்கவில்லை.

"என்ற கைக்கு நான் எதுக்குங் மேஸ்திரி வேண்டறேன்? அன்னிக்கு அந்தச் சக்கரத்தோட சுத்துச்சே, அந்தக் கைக்குத்தானுங். அதப் பாத்ததுலருந்து எனக்குச் சோறு எறங்கல. புது மோட்டாரு வந்தா நீங்கதான கைய உடுவீங்க. அதுக்குத்தானுங் வெச்சேன்."

மச்சான் நீட்டிய கையை மடக்கவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. அதில் அந்த வெள்ளிக் கை அப்படியே கிடந்தது. நான் எஞ்சினை அணைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

"நீங்களே அம்மன்கிட்டச் சேத்துருங்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நசுங்கிய தகட்டை அம்மன் ஏற்றுக்கொள்வாளா என்று அவருக்குச் சந்தேகம். பூசாரி ஒன்றும் கேட்காமல் தட்டில் வாங்கிக்கொண்டாராம்.

அப்புறம் நல்லேப்பிள்ளியில் ஒரு நெல் மில்லில் மோட்டார் உட்கார வைக்கப் போனோம். அங்கேயும் ஒரு பக்கம் சுவர்தான். பூசை முடிந்ததும் மோட்டாரை இறக்கினார். ஃபியூஸைப் பிடுங்கி என் மடியில் போட்டார். அப்பனே முருகா என்று குனிந்து, இன்னும் குனிந்து, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். நெற்றி வியர்த்திருந்தது. வலது கையைக் கப்ளிங்குக்கு அடியில் மெதுவாக நீட்டினார், பாதியில் நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, ஃபியூஸ் இருக்குதா?"

"இருக்குதுங் மச்சான்."

கை இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

"இருக்குதா?"

"இருக்குதுங். என்ற மடியிலதான் இருக்குது."

அவர் நான்காவது காலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுக்கிற வரைக்கும், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.